கித்தாரில் மூன்று கார்டுகள்

இசைக்கு இசையாத உள்ளம் இல்லை என்பார்கள். ஆனால் இசையைக் கேட்பது வேறு, இசைப்பது வேறு. கேட்பதற்குக் காது போதும். இசைப்பதற்கோ விரல் நோக வேண்டும். சென்ற ஆண்டு அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை பத்து வாரங்கள் எங்கள் விரல் நுனிகள் நொந்த கதையையும், அதனால் நாங்கள் அறிந்துகொண்ட செய்திகளையும் இம்மலரில் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். கித்தார் கற்க ஆசைப்படும் தங்கைகளுக்கு இது ஒரு சிறு வழிகாட்டியாக அமையுமானால் எங்கள் உழைப்பு வீண்போகவில்லை என்று மகிழ்வோம்.

ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய வாரம் நம் பாடகர் குழு ஊர்க்கோடியில் உள்ள முதியோர் இல்லத்திற்குச் சென்று பாடுவது வழக்கம் அல்லவா? அதற்கு முந்திய ஆண்டு அங்கே பாடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றுபோயிற்று. கீபோர்டு ஊமையாயிற்று. சுருதி போயிற்று. சிலர் சிரித்துவிட்டோம், பாட்டு நடுவில் அறுந்தது. இருட்டில், முன்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு பாட்டி மட்டும் நிறுத்தவில்லை. தம் மெல்லிய குரலில் தனியாகப் பாடி, அந்த அடியை முடித்துவைத்தார். பேருந்தில் திரும்பும்போது எங்களில் யாரும் அதிகம் பேசவில்லை. "அடுத்த வருஷம் கரண்ட்டை நம்பிப் போகக் கூடாது, பிள்ளைகளா" என்று மட்டும் சிஸ்டர் சொன்னார்கள்.

அந்தச் சொல்தான் விதை. இவ்விஷயம் அறிந்த பழைய மாணவி ஒருவர், தம் வீட்டு அலமாரியின் மேல் தூசி படிந்து கிடந்த கித்தாரைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் இரண்டு தந்திகள் இல்லை. எங்களில் ஒருத்தியின் சித்தப்பா புதுத் தந்திகள் மாட்டிக் கொடுத்து, சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் வந்து கற்பிக்கவும் இசைந்தார். நாங்கள் நால்வர், கித்தார் ஒன்று. பத்து வாரத்தில் ஒரு பாட்டுக்காவது பிழையின்றி வாசிக்க வேண்டும் என்பது எங்கள் இலக்கு. எந்தப் பாட்டு? அன்று இருட்டில் அறுந்த அதே பாட்டு. உலகெங்கும் பாடப்படும் "சைலன்ட் நைட்".

பாட்டு பிறந்த கதை

"கோயில் பாட்டுக்குக் கித்தாரா?" என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். கித்தார் என்றதும் அவர்கள் நினைவுக்கு வந்தவை திரைப்பாடல்களே. அது இயல்புதான். "மூடுபனி" (1980), "பயணங்கள் முடிவதில்லை" (1982) போன்ற படங்களின் பாடல்கள் வழியாகத்தானே தமிழ் வீடுகள் பலவற்றிற்குள் கித்தாரின் ஒலி நுழைந்தது! ஆனால் இந்தப் பாட்டு கித்தாரோடு சேர்ந்தே பிறந்தது என்று தெரிந்தபோது பெரியவர்களும் வியந்தார்கள், நாங்களும் வியந்தோம்.

ஆஸ்திரியா நாட்டில் சால்ஸ்பர்க் நகருக்கு வடக்கே ஓபர்ண்டோர்ஃப் என்று ஓர் ஆற்றங்கரைச் சிற்றூர் இருக்கிறது. அங்கே புனித நிக்கோலஸ் ஆலயத்தில் யோசேப் மோர் என்னும் இளங்குரு உதவிப் பங்குத்தந்தையாக இருந்தார். 1816-ஆம் ஆண்டிலேயே அவர் ஜெர்மன் மொழியில் ஒரு கவிதை எழுதி வைத்திருந்தார். 1818-ஆம் ஆண்டு டிசம்பர் 24 அன்று அதைத் தம் நண்பரும் பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியருமான ஃபிரான்ஸ் சேவியர் குரூபரிடம் கொடுத்து, இரு குரல்களுக்கும் கித்தாருக்கும் ஏற்றபடி இசை அமைத்துத் தருமாறு கேட்டார். அன்றைக்கே இசை அமைந்தது. அன்றிரவே இருவரும் அதைப் பாடினார்கள். கித்தார் வாசித்தவர் குருவானவர் மோர். அவருடைய கித்தார் இன்றும் ஹாலைன் என்னும் ஊரில் உள்ள அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

ஆர்கனின் துருத்தியை எலி கடித்துவிட்டதால்தான் கித்தாரைக் கையில் எடுத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கேட்க இனிமையாக இருந்தாலும் அது பின்னாளில் கட்டப்பட்ட கதையே. பாட்டு பிறந்த வரலாற்றை 1854-இல் குரூபரே எழுதி வைத்தார். அதில் எலியும் இல்லை, பழுதான ஆர்கனும் இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டில், ஆர்கனுக்குச் சிறப்பிடம் தந்ததோடு, வழிபாட்டுக்கு ஏற்ற பிற இசைக்கருவிகளையும் திருச்சபை அதிகாரிகளின் இசைவோடு பயன்படுத்தலாம் என்று கூறியிருப்பதையும் சிஸ்டர் எங்களுக்கு எடுத்துக் காட்டினார்கள். அதன்பின் வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை.

கித்தாரை அறிவோம்

கித்தாரில் ஆறு தந்திகள் உண்டு. மிக மெல்லியது முதல் தந்தி. மிகத் தடித்தது ஆறாம் தந்தி. மடியில் வைத்துக் குனிந்து பார்த்தால் தடித்த ஆறாம் தந்திதான் நம் முகத்துக்கு அருகில் இருக்கும். இது தொடக்கத்தில் குழப்பம் தரும். எனவே மெல்லியது ஒன்று, தடித்தது ஆறு என்று மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

கழுத்துப் பலகையின் குறுக்கே உலோகக் கம்பிகள் பதிக்கப்பட்டிருக்கும். வீணையில் உள்ளவற்றை மெட்டு என்கிறோமே, அவற்றைப் போன்றவைதாம் இவையும். ஆங்கிலத்தில் ஃபிரெட் என்பார்கள். தலைப்பக்கத்திலிருந்து எண்ணினால் முதல் மெட்டு, இரண்டாம் மெட்டு, மூன்றாம் மெட்டு என்று வரும். (பாட்டின் மெட்டு வேறு, கித்தாரின் மெட்டு வேறு; குழம்ப வேண்டாம்!) ஒவ்வொரு மெட்டும் சுருதியை அரைச்சுரம் உயர்த்தும். பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் சரிபாதியில் இருக்கிறது. அங்கே அழுத்தினால் மேல் ஸ்தாயியில் அதே சுரம் ஒலிக்கும்.

நைலான் தந்தி உள்ள கித்தாரும் உண்டு, எஃகுத் தந்தி உள்ளதும் உண்டு. கற்கத் தொடங்குவோரின் விரலுக்கு நைலான் மென்மையானது. பெற்றோர்கள் கருவி வாங்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தந்திகள் மெட்டுகளிலிருந்து மிக உயர்ந்து நின்றால் அழுத்துவது கடினம். அத்தகைய கருவியைக் கொடுத்துவிட்டுக் குழந்தைக்கு ஆர்வம் இல்லை என்று சொல்வது நியாயம் ஆகாது.

சுருதி சேர்த்தல்

சுருதி சேராத கித்தாரில் சரியாக வாசித்தாலும் தவறாகவே கேட்கும். ஆறாம் தந்தியிலிருந்து முதல் தந்தி வரை உள்ள சுருதிகள் முறையே இ, ஏ, டி, ஜி, பி, இ. ஐந்தாம் தந்தி விநாடிக்கு 110 அதிர்வு கொண்ட ஏ. இன்று கைப்பேசியிலேயே சுருதி காட்டும் செயலிகள் இருக்கின்றன. ஆனால் காதைப் பழக்குவதே நல்லது என்று எங்கள் ஆசிரியர் வற்புறுத்தினார். அவர் காட்டிய வழி இது.

முதலில் ஐந்தாம் தந்தியை ஆர்மோனியத்தின் ஏ சுரத்தோடு ஒத்துவரச் செய்யுங்கள். பின்பு ஆறாம் தந்தியை ஐந்தாம் மெட்டில் அழுத்தி மீட்டினால், அழுத்தாத ஐந்தாம் தந்தியின் ஒலியே வரவேண்டும். வராவிட்டால் ஆறாம் தந்தியின் முறுக்காணியைத் திருகிச் சரிசெய்யுங்கள். அவ்வாறே ஐந்தாம் தந்தியின் ஐந்தாம் மெட்டு நான்காம் தந்திக்கும், நான்காம் தந்தியின் ஐந்தாம் மெட்டு மூன்றாம் தந்திக்கும் அளவு. மூன்றாம் தந்தியில் மட்டும் நான்காம் மெட்டு இரண்டாம் தந்திக்கு அளவு. இதை மறந்து நாங்கள் ஒருநாள் ஒரு தந்தியை அறுத்தேவிட்டோம்! கடைசியாக, இரண்டாம் தந்தியின் ஐந்தாம் மெட்டு முதல் தந்திக்கு அளவு.

கார்டு என்றால் என்ன?

தபால் கார்டு அன்று! ஒன்றுக்கொன்று இணக்கமான மூன்று அல்லது நான்கு சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்வதைக் கார்டு என்கிறார்கள். நம் கருநாடக இசையில் சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து வரும். மேலை இசையில் கைகோத்து ஒன்றாகவும் நிற்கும். பாடுபவரின் குரல் இராகத்தைக் கொண்டுசெல்ல, கித்தார் அடியிலே கார்டுகளை விரித்துத் தாங்குகிறது.

இனி, மூன்றே கார்டுகளால் ஒரு முழுப்பாட்டை எப்படித் தாங்க முடியும் என்று பார்ப்போம். பாட்டு வகுப்புக்குச் செல்லும் தங்கைகளுக்குச் சங்கராபரணம் தெரிந்திருக்கும். மேலை நாட்டு மேஜர் ஸ்கேலின் ஏழு சுரங்களும் அதே ஏழு சுரங்களே. ஜி-யை ஸட்ஜமாக, அதாவது 'ச'-வாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது

ஜி கார்டில் இருப்பவை ச, க, ப.
சி கார்டில் இருப்பவை ம, த, ச.
டி7 கார்டில் இருப்பவை ப, நி, ரி, ம.

எண்ணிப் பாருங்கள்: ச, ரி, க, ம, ப, த, நி என்று ஏழு சுரங்களும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிட்டன! பாட்டு எந்தச் சுரத்தில் வந்து நின்றாலும், அந்தச் சுரத்தைத் தன்னுள் கொண்ட கார்டு ஒன்று இம்மூன்றில் இருக்கும். ஆகவேதான் எளிய பாடல்கள் பலவற்றிற்கு மூன்று கார்டுகள் போதுமாகின்றன.

ஒவ்வொன்றுக்கும் ஒரு குணமும் உண்டு. ஜி வீடு போன்றது. அங்கே பாட்டு தொடங்கும், அங்கேயே முடியும். சி முற்றத்திற்கு வருவது போன்றது. டி7-இல் உள்ள நி, 'ச'-வுக்குப் போகத் துடிக்கும். ம, 'க'-வுக்கு இறங்கத் துடிக்கும். எனவே டி7 கேட்டவுடன் "வீட்டுக்குப் போகலாம்" என்று மனம் ஏங்கும். டி7 வாசித்துவிட்டுச் சற்று நிறுத்திப் பாருங்கள். கேட்பவருக்கு இருப்புக் கொள்ளாது!

பிடிக்கும் முறை

இடக்கை விரல்களின் நகங்களை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். விரலின் நுனியால் அழுத்த வேண்டும். மெட்டின் மேலேயே அழுத்தாமல், தலைப்பக்கம் சற்றுத் தள்ளி, மெட்டை ஒட்டினாற்போல் அழுத்துங்கள். அங்கே அழுத்தினால் குறைந்த பலம் போதும்.

ஜி: நடுவிரல் ஐந்தாம் தந்தியின் இரண்டாம் மெட்டில்; மோதிர விரல் ஆறாம் தந்தியின் மூன்றாம் மெட்டில்; சுண்டு விரல் முதல் தந்தியின் மூன்றாம் மெட்டில். ஆறு தந்திகளையும் மீட்டலாம்.

சி: ஆள்காட்டி விரல் இரண்டாம் தந்தியின் முதல் மெட்டில், நடுவிரல் நான்காம் தந்தியின் இரண்டாம் மெட்டில், மோதிர விரல் ஐந்தாம் தந்தியின் மூன்றாம் மெட்டில். ஆறாம் தந்தியைத் தொடக் கூடாது.

டி7: ஆள்காட்டி விரல் இரண்டாம் தந்தியின் முதல் மெட்டில், நடுவிரல் மூன்றாம் தந்தியின் இரண்டாம் மெட்டில், மோதிர விரல் முதல் தந்தியின் இரண்டாம் மெட்டில். மெல்லிய நான்கு தந்திகளை மட்டும் மீட்ட வேண்டும்.

சிறு விரல்கள் உள்ள தங்கைகள் மனம் தளர வேண்டாம். முதல் தந்தியின் மூன்றாம் மெட்டை மட்டும் ஒரு விரலால் அழுத்தி, மெல்லிய நான்கு தந்திகளை மீட்டினால் அதுவும் ஜி-யே. இரண்டாம் தந்தியின் முதல் மெட்டை மட்டும் அழுத்தி, மெல்லிய மூன்று தந்திகளை மீட்டினால் அதுவும் சி-யே. டி7-க்குத்தான் குறுக்குவழி இல்லை. மூன்று விரலும் வேண்டும்.

முதல் இரண்டு வாரமும் வலி உண்டு. எழுதும்போதும், தட்டைத் தூக்கும்போதும் விரல் நுனி சுருக்கென்றது. "எங்களுக்கு இது வராது" என்று எங்களில் இருவர் விலகவும் எண்ணினோம். ஒரு மணி நேரம் ஒரேயடியாக வாசித்ததுதான் தவறு என்று ஆசிரியர் விளக்கினார். காலையில் பதினைந்து நிமிடம், மாலையில் பதினைந்து நிமிடம் என்று மாற்றிக்கொண்டோம். நான்காம் வாரத்தில் விரல் நுனித் தோல் தடித்தது, வலி குறைந்தது. கித்தார் ஒன்றே இருந்ததால், முறை வராதவர்கள் அடிஅளவுகோலின் மேல் ஆறு கோடுகள் வரைந்து, அதில் விரல் வைத்துப் பழகினோம். பார்த்தவர்கள் சிரித்தார்கள், எங்களுக்கோ பயன் கிடைத்தது.

மாற்றம் என்னும் மலை

ஒரு கார்டைப் பிடிப்பது எளிது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதுதான் மலை. முதல் நாள் ஜி-யிலிருந்து சி-க்கு ஒரு நிமிடத்தில் நான்கு முறைதான் மாற முடிந்தது. ஒவ்வொரு விரலையும் தனித்தனியே தேடித் தேடி வைத்தோம். அப்போது ஆசிரியர் ஓர் உண்மையைக் காட்டினார். மேலே சொன்னபடி ஜி பிடித்திருந்தால், நடுவிரலும் மோதிர விரலும் ஏற்கெனவே சி-க்கு வேண்டிய வடிவத்தில்தான் இருக்கின்றன. அவ்விரண்டையும் அப்படியே சேர்த்து ஒரு தந்தி கீழே இறக்கி, சுண்டு விரலை எடுத்து, ஆள்காட்டி விரலை வைத்தால் சி வந்துவிடுகிறது! விரல்களைத் தனித்தனி ஆளாக அனுப்பாமல் குடும்பமாக அனுப்ப வேண்டும் என்றார். ஏழாம் வாரம் நிமிடத்திற்கு முப்பது முறை மாறினோம்.

வலக்கை வேலை எளிது. இப்பாட்டின் நடை மும்மூன்று எண்ணிக்கை. நம் வழக்கில் சொன்னால் "தகிட, தகிட". 'த' என்னும்போது கட்டைவிரலால் கார்டின் அடித்தந்தியை மட்டும் மீட்டுங்கள். 'கி', 'ட' என்னும்போது மற்ற விரல்களால் மெல்லிய தந்திகளை மேலிருந்து கீழாக வருடுங்கள். அடித்தந்தி எது? ஜி-க்கு ஆறாவது, சி-க்கு ஐந்தாவது, டி7-க்கு நான்காவது. ஆறு, ஐந்து, நான்கு, மறக்க முடியுமா?

இங்கேதான் நாங்கள் கற்ற எல்லாவற்றிலும் பெரிய பாடம் வருகிறது. இடக்கை தவறினாலும் வலக்கை நிற்கக் கூடாது. தவறான கார்டு ஒரு நொடியில் மறைந்துவிடும். நின்றுபோன தாளமோ பாடுபவர் அனைவரையும் நிறுத்திவிடும். நாங்கள் இதற்கு நேர்மாறாகவே பழகிவந்தோம். விரல் சரியாக அமையும்வரை தாளத்தை நிறுத்தி, அமைந்தபின் தொடர்ந்தோம். ஆசிரியர் ஒரு வாரம் முழுவதும் எங்களைக் கார்டே பிடிக்கவிடாமல், தந்திகளின் மேல் இடக்கையைச் சும்மா வைத்து, வலக்கையால் "தகிட" மட்டும் போடச் செய்தார். எரிச்சலாக இருந்தது. ஆனால் அந்த வாரம்தான் எங்களைக் காப்பாற்றியது என்பதைப் பின்னர் உணர்ந்தோம்.

பாட்டின் கணக்கு

ஒரு "தகிட"-வை ஒரு கட்டம் என்று கொண்டால், "சைலன்ட் நைட்" பாட்டின் ஒரு சரணத்தில் 24 கட்டங்கள் உள்ளன. அவற்றை இவ்வாறு பிரிக்கலாம்:

ஜி 4, டி7 2, ஜி 2;
சி 2, ஜி 2, சி 2, ஜி 2;
டி7 2, ஜி 3, டி7 1, ஜி 2.

ஆக, பத்தே மாற்றங்கள். இன்னொன்றும் கவனியுங்கள். சி-யிலிருந்து டி7-க்கோ, டி7-இலிருந்து சி-க்கோ நேரே தாவும் இடம் ஒன்றுகூட இல்லை. எங்கே போனாலும் ஜி என்னும் வீட்டுக்கு வந்துதான் மறுபடி புறப்படுகிறோம். எனவே ஜி-சி, ஜி-டி7 என்னும் இரண்டு மாற்றங்களைப் பழகினால் பாட்டு முழுதும் கைவசமாகும். நிமிடத்திற்கு 72 தட்டு என்று வாசித்தால் ஒரு சரணம் சரியாக ஒரு நிமிடத்தில் முடியும்.

வீட்டில் தம்பி தங்கையர் பிறந்தநாளுக்குப் பாடும் "ஹேப்பி பர்த்டே" பாட்டும் இதே மூன்று கார்டுகளில், இதே மூன்று எண்ணிக்கையில் அமைந்ததுதான். முதல் இரண்டு அசைகளை வெறுங்குரலில் பாடிவிட்டு, ஜி, டி7, டி7, ஜி, ஜி, சி, ஜி, ஜி என்று எட்டுக் கட்டங்கள் வாசியுங்கள். ஏழாம் கட்டத்தின் மூன்றாம் தட்டில் மட்டும் டி7 போடுங்கள். அம்மாவும் அப்பாவும் மகிழ்ந்து போவார்கள்.

ஒன்பதாம் வாரம் பாடகர் குழுவோடு சேர்ந்து ஒத்திகை பார்த்தபோது புதியதொரு சிக்கல் முளைத்தது. ஜி-யில் வாசித்தால் பாட்டின் கடைசிச் சுரம் மிகவும் தாழ்ந்து, எங்கள் குரல்கள் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டன. எல்லாக் கார்டுகளையும் மாற்றிப் படிக்க நாள் இல்லை. கேப்போ என்னும் சிறு கவ்வி இதற்காகவே இருக்கிறது. அதை மூன்றாம் மெட்டில் மாட்டிவிட்டால், விரல்கள் அதே ஜி, சி, டி7 வடிவங்களைப் பிடிக்க, ஒலி மட்டும் மூன்று அரைச்சுரம் உயர்ந்துவிடும். பாட்டுப் புத்தகங்களில் இப்பாட்டுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் பி-ஃபிளாட் சுருதி அதுவே. கடையில் வாங்கிவரும்வரை, குறுக்கே ஒரு பென்சிலை வைத்து இரு முனைகளிலும் ரப்பர் பேண்டைச் சுற்றிச் சமாளித்தோம்!

அந்த மாலை

டிசம்பரில் அந்த நாள் வந்தது. முதியோர் இல்லத்தின் கூடத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அன்று மின்சாரம் ஒரு விநாடிகூட நிற்கவில்லை! பாட்டும் நன்றாகவே அமைந்தது. ஆனால் நாங்கள் முன்வரிசையில் தேடிய முகம் அங்கே இல்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் விசாரித்தோம். அந்தப் பாட்டி சில மாதங்களாகப் படுக்கையிலேயே இருக்கிறார். கூடத்திற்கு வர இயலாது என்றார்கள். கீபோர்டு என்றால் மேசையும் கம்பியும் வேண்டும். கித்தாருக்கு என்ன வேண்டும்? அங்கிருந்தவர்களிடம் இசைவு பெற்று, தோளில் மாட்டிக்கொண்டு நால்வரும் அவருடைய அறைக்குச் சென்றோம்.

எங்களை அவருக்கு நினைவில்லை. ஆனால் முதல் நான்கு "தகிட" கேட்டதும் அவர் உதடுகள் அசைந்தன. அதே இராகத்தில் தாம் சிறுமியாக இருந்தபோது கற்ற தமிழ்ச் சொற்களை மெல்லப் பாடத் தொடங்கினார். நாங்கள் பழகிய வேகம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வோர் அடிக்கும் பின் மூச்சு வாங்க அவருக்கு நேரம் வேண்டியிருந்தது. அவர் நின்ற இடத்தில் "தகிட"-வை இன்னும் ஒருமுறை கூட்டிப் போட்டுக் காத்திருந்தோம். அவர் தொடர்ந்தபோது தொடர்ந்தோம். இரண்டாம் சரணத்தில், சி பிடிக்க வேண்டிய இடத்தில் எங்களில் கித்தார் வைத்திருந்தவள் பதற்றத்தில் டி7 பிடித்துவிட்டாள். காதுக்குச் சுளீரென்றது. ஆனால் கட்டைவிரல் நிற்கவில்லை. பாட்டியும் நிறுத்தவில்லை. அடுத்த கட்டத்தில் சி வந்து சேர்ந்தது. இந்த முறை பாட்டு அறுபடவில்லை. பாடி முடித்ததும், "இன்னொரு தடவை வாசிங்கம்மா" என்றார். வாசித்தோம்.

பக்கவாத்தியம் என்பதன் பொருளை அன்றுதான் உணர்ந்தோம். நம் திறமையைக் காட்டுவதற்கன்று. பாடுபவர் தனித்துப் போகாமல் கூடவே நடப்பதற்கே அது இருக்கிறது.

அடுத்த படி

இந்த மூன்றும் கைவந்தபின் இன்னும் இரண்டு கார்டுகளைக் கற்றுக்கொள்ளுங்கள். ஐந்தாம், நான்காம் தந்திகளின் இரண்டாம் மெட்டை இரு விரல்களால் அழுத்தினால் இ மைனர். ஆள்காட்டி விரல் இரண்டாம் தந்தியின் முதல் மெட்டிலும், நடுவிரல் நான்காம் தந்தியின் இரண்டாம் மெட்டிலும், மோதிர விரல் மூன்றாம் தந்தியின் இரண்டாம் மெட்டிலும் இருந்தால் ஏ மைனர். சோகமும் கனிவும் தோய்ந்த பாடல்களுக்கு இவை வேண்டும். ஜி, இ மைனர், சி, டி7 என்ற வரிசையை மீண்டும் மீண்டும் வாசித்துப் பாருங்கள். எங்கோ கேட்ட பாடல்கள் பல அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். "பயணங்கள் முடிவதில்லை" படத்தின் "இளைய நிலா"வை வாசிக்க வேண்டும் என்பது எங்கள் நால்வரின் ஆசையும்தான். ஆனால் அதில் தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டும் நுட்பம் இருக்கிறது. அதற்கு இன்னும் சில ஆண்டுப் பழக்கம் வேண்டும். முதல் வாரத்திலேயே அதைத் தொட்டு மனம் ஒடிய வேண்டாம்.

அன்புத் தங்கைகளே, அந்தக் கித்தார் இப்போது இசை அறையின் மூலையில் உறை போட்டு வைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த ஆண்டு நாங்கள் பள்ளியை விட்டுப் பிரிந்துவிடுவோம். டிசம்பரில் முதியோர் இல்லத்திற்குச் செல்லப் புதிய நால்வர் வேண்டும். விருப்பம் உள்ளவர்கள் சிஸ்டரிடம் பெயர் கொடுங்கள். சனிக்கிழமைதோறும் நாங்கள் உடனிருந்து கற்பிக்கிறோம். நகத்தை வெட்டிக்கொண்டு வாருங்கள். விரல் வலிக்கும் என்று தெரிந்தே வாருங்கள். பத்து வாரம் போதும்.

இசைக் குழு மாணவியர் நால்வர்,
பன்னிரண்டாம் வகுப்பு.